எரிமலையில் எனக்கு முடியாமல் போன கதை

நோர்வேஜியர்கள் பனிச்சறுக்குக் கட்டையோடுதான் பிறக்கிறார்கள் என்று ஒஸ்லோவில் என்னோடு வேலைசெய்த நண்பர் பெருமையடிப்பார். டிஜிட்டல் கமரா புதிதாக வந்திருந்த காலம். மெக்சிக்கோவில் உறங்கும் எரிமலையொன்றில் ஏற அவர் என்னையும் அழைத்தார்.

"எங்கடை புருசெத் அடுக்குமாடியிலை லிப்ட் பழுதெண்டால் மூண்டாம் மாடிக்கே இருந்து இருந்து வாறியள். உங்களுக்கு எரிமலை கேக்குதோ?" என்றாள் மனைவி.

ஏறும் வழி முழுக்க நண்பர் எனக்கு மூச்சுவிடக் கற்றுத்தந்தார். அதுவரை நாற்பது வருடமாகத் தவறாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறேன் போலும். நாலாயிரம் மீற்றர் தாண்டியதும் ஆசான் ஒரு பாறையைக் கட்டிப்பிடித்து வாந்தியெடுத்தார். எனக்குத் தலையிடிகூட இல்லை. உச்சி கண்ணெதிரே தெரிந்தது. அவரைத் தோளில் தாங்கிக் கீழே இறக்கினேன்.

ஒஸ்லோ திரும்பி வேலைக்குப் போன முதல் நாள், மதிய உணவு மேசையில் அவர் எல்லோருக்கும் சொன்னார்: "பாவம், இவருக்கு முடியவில்லை. தனியே விட்டுவிட்டு ஏற எனக்கு மனம் வரவில்லை."

எல்லோரும் என் முதுகில் தட்டினார்கள். நானும் நன்றி சொன்னேன்.

"ஏன் வாயைத் திறக்கேல்லை?" என்று வீட்டில் மனைவி கேட்டாள்.

"சொன்னால் ஆர் நம்பப்போகினம்?"

அவள் என் வயிற்றைப் பார்த்தாள். "ஓம், நானே நம்பேல்லை" என்றாள்.