ஜமீலாம்மாவும் நான் எழுதிய மொட்டைக் கடிதமும்

ஜமீலாம்மா காலமான செய்தியை அதிராம்பட்டினத்திலிருந்து அவர் மகள் போனில் சொன்னார். "அம்மா மௌத்தாயிட்டாங்க சார். அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம்." கேட்டதும் எனக்கு முதலில் வந்தது துக்கமல்ல. எத்தனை பேர் வருவார்கள் என்ற நினைப்பு. எனக்கு அவ்வளவு பேர் வரமாட்டார்கள் என்பது அடுத்த நினைப்பு. இந்த அஞ்சலியைப் படிக்கிற, அவரை அறிந்த நீங்கள் இதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவரைப் பற்றி என்னால் பொய் எழுத முடியாது.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நான் நூலகர், அவர் உதவியாளர். படிப்பும் பதவியும் எனக்குத்தான் அதிகம். ஆனால் வருகிறவர்கள் நான் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்தும், "அம்மா இல்லீங்களா?" என்று கேட்டுவிட்டு வாசலிலேயே நிற்பார்கள்.

அவர்களிடம் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "கடைசியா எந்தப் புத்தகத்தப் பாதியில மூடுனீங்க?" கூச்சப்பட்டால், "நானும்தாங்க நெறைய மூடியிருக்கேன்" என்று சிரிப்பார். பதிலைக் கேட்ட பிறகுதான் அலமாரிப் பக்கம் போவார். புத்தகம் வாங்கப் பட்டியல் வரும்போது நான் பெரிய பெயர்களாகப் பார்த்துக் குறிப்பேன். அவர் குறிப்பது உரம் போடுவது, பம்புசெட் பழுது, பிள்ளை வளர்ப்பு, கூடவே இரண்டு துப்பறியும் கதை. ஒருநாள் யாருமில்லாதபோது புத்தகங்களில் ஒட்டியிருந்த தேதித்தாள்களைப் புரட்டினேன். அவர் தேர்ந்தெடுத்தவற்றில் முத்திரை குத்த இடமில்லை. என்னுடையவை வெள்ளையாக இருந்தன. யாரும் வருவதற்குள் அவற்றை மூடி அலமாரியில் வைத்தேன்.

குத்தகைக்காரர்களின் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சட்டம் வந்திருந்த நேரம். மிராசுதார்கள் மறுக்க, ஊருக்கு ஊர் தகராறு. கலியபெருமாள் என்ற குத்தகை விவசாயி ஒரு மாலை அவரிடம் வந்தார்.

"நாளைக்கித் தாலுக்கா ஆபீஸ்ல விசாரணைங்க. நான் சாகுபடியே பண்ணலங்கிறாரு மிராசு. சட்டத்துல என்ன இருக்குன்னு தெரியாம எப்புடிங்க போயி நிக்கிறது?"

அந்தச் சட்ட நூல் ஒரே பிரதிதான் இருந்தது. வெளியே கொடுக்கக் கூடாதது. ஜமீலாம்மா அதை எடுத்து, வேண்டிய பக்கங்களில் தாள் செருகிக் கொடுத்தார். "கையோட எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டா இந்தப் பக்கத்தக் காட்டுங்க."

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தடுத்திருக்கலாம். தடுக்காமல், மேலதிகாரிக்கு ஒரு மொட்டைக் கடிதம் போட்டேன்.

கடிதத்தைப் பற்றி விசாரிக்க வந்த அதிகாரியிடம் ஜமீலாம்மா, "ஆமா சார், குடுத்தேன்" என்றார். அவரைக் குடவாசல் நூலகத்துக்கு மாற்றினார்கள். கலியபெருமாளின் பெயர் பதிவேட்டில் ஏறியது. அதுவரை புத்தகத்தைப் பத்திரமாக வைத்திருந்தவர் அதைக் கொண்டுவந்தபோது நான் கையை நீட்டினேன். "அம்மாகிட்ட வாங்குனதுங்க. அவங்க கையிலதான் குடுப்பேன்" என்று குடவாசலுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

பல ஆண்டுகள் கழித்து நானும் குடவாசல் போனேன். "அந்தக் கடிதம் எழுதினது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும் சார். புத்தகக் கார்டுல உங்க கையெழுத்தத் தெனமும் பாத்தவதானே நான். அத விடுங்க. நான் வந்தப்புறம் அங்க புதுசா என்னென்ன வாங்குனீங்க?"

திட்டியிருந்தால் கணக்குச் சரியாகியிருக்கும். அதற்கும் அவர் இடம் கொடுக்கவில்லை. திரும்பி வரும்போது அவர்மேல் முன்னைவிடப் பொறாமையாக இருந்தது.

மறுநாள் ஒரு பெண் வந்து தையல் புத்தகம் எங்கே என்றார். வழக்கம்போல் விரலால் காட்டாமல், எழுந்து அவரோடு அலமாரிவரை நடந்தேன். ஓய்வுபெறும்வரை அப்படித்தான் நடந்தேன். அன்பினால் என்று சொல்லமாட்டேன். ஒருநாளாவது ஜமீலாம்மாவைப்போல் இருந்துவிட வேண்டும் என்ற வயிற்றெரிச்சல்தான் என்னை நாற்காலியிலிருந்து எழுப்பியது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.