நாலு மணிக்கு வெயில் கேட்ட சுற்றறிக்கை

போன வாரம் எங்கள் தீவின் அபர்டீன் பஜாரில் ஆட்டோ ஏறினேன். டிரைவர் காலடியில் ஒரு காலி தெர்மகோல் பெட்டி இருந்தது. மீன் போய்விட்டது, வாசனை போகவில்லை. அதை மோந்தால் மற்றவர்களுக்குக் குழம்பு ஞாபகம் வரும். எனக்கு அறிவியல் ஞாபகம் வருகிறது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

பல வருஷத்துக்கு முன் நான் டெய்ரி ஃபார்ம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் லேப் அட்டெண்டர். என் பன்னிரண்டாவது படிப்புக்கு அது பெரிய வேலை. சோதனைக் குழாய் கழுவ வேண்டும், உடைந்ததை ரிஜிஸ்டரில் எழுத வேண்டும், உடைத்தது யார் என்று கேட்டால் தரையைப் பார்க்க வேண்டும். மூன்றாவதில் நான் கெட்டிக்காரி.

அந்த வருஷம் மெயின்லேண்டிலிருந்து சோலார் கார் போட்டி ஒன்று வந்தது. ஆறாவது முதல் எட்டாவது வரை படிக்கும் பிள்ளைகள் வெயிலில் ஓடும் சின்னக் கார் செய்து ஓட்ட வேண்டும். மோட்டாரும் உள்ளங்கை அகல சோலார் தகடும் கப்பலில் வந்தன. மற்றதெல்லாம் பிள்ளைகள் பாடு. ஜெயித்தால் சென்னைப் பயணம்.

ஏழாவது படித்த ரேவதிக்கு அது போதுமாயிருந்தது. அவள் அப்பா துறைமுகத்தில் சரக்கு இறக்குகிறவர். கப்பல் அவளுக்கு டவுன் பஸ் மாதிரி. ரயிலைத்தான் பார்த்ததில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் பலருக்கும் தண்டவாளம் என்பது பாடப்புத்தகத்தில் இரண்டு கோடுதான்.

"ரயில் நிக்கும்போது தொட விடுவாங்களா அக்கா?" என்று கேட்டாள்.

நானும் பார்த்தவளில்லை. விடுவார்கள் என்று சொல்லிவைத்தேன்.

அவள் காரின் உடம்பு மீன் பெட்டித் தெர்மகோல். சக்கரங்கள் கடற்கரையில் ஒதுங்கும் பாட்டில் மூடிகள். பர்மா எழுத்தும் தாய்லாந்து எழுத்தும் ஒரே காரில் சமாதானமாகச் சுற்றின. பத்து நாள் லேப் மீன் நாறியது. சயின்ஸ் சார் மூக்கைப் பொத்திக்கொண்டே, வெயிட் கம்மி, அதுதான் முக்கியம் என்றார். ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு வைத்தார்கள். ஸ்டாப்வாட்ச் என் கையில். ரேவதியின் கார் கோட்டைத் தாண்டி ஒரு செருப்பில் முட்டி நின்ற பிறகும் மற்ற ஆறு கார்கள் பாதி வழியில்தான் இருந்தன.

பிறகு சுற்றறிக்கை வந்தது. குழந்தைகள் கடும் வெயிலில் வாடக் கூடாது, எனவே போட்டியை மாலை நாலு மணிக்கு நடத்தவும். எழுதியவர் நல்ல மனிதர்தான். அவர் ஊரில் நாலு மணிக்கும் வெயில் மண்டையைப் பிளக்கும். எங்களுக்குக் கடிகாரம் மெயின்லேண்ட் கடிகாரம், சூரியன் மட்டும் உள்ளூர். டிசம்பரில் ஐந்து மணிக்கெல்லாம் கடையைக் கட்டிவிடும். இது ஆபீஸில் பியூன் முதல் எல்லோருக்கும் தெரியும். ஆனால் மேலிடத்துக் காகிதத்தில் சூரியனைத் திருத்த யாருக்கு அதிகாரம்? எழுதிக் கேட்டால் பதில் வருவதற்குள் பொங்கல் வந்துவிடும் என்றார் சயின்ஸ் சார்.

ஹெட்மாஸ்டரம்மா நினைத்தால் ஒரு போன் போட்டு மாற்றியிருக்கலாம். ரேவதி என்னிடம்தான் வந்தாள்.

"உங்க மேல அவங்க கோவப்பட மாட்டாங்க அக்கா. காலையில வைக்கச் சொல்லுங்க."

மூன்று தடவை அந்த அறைக் கதவு வரை போனேன். மூன்றாவது தடவை அவரே நிமிர்ந்து, என்ன என்று கேட்டார்.

"டஸ்டர் தீர்ந்துபோச்சு மேடம்" என்றேன்.

உடனே ஒரு டஜன் சாங்ஷன் ஆனது. வெளியே நின்ற ரேவதியிடம், சொல்லிவிட்டேன், பார்க்கலாம் என்றார்கள் என்று சொன்னேன்.

போட்டி நாளில் சிறப்பு விருந்தினரான அதிகாரி நாலே முக்காலுக்கு வந்தார். சூரியனின் பெருமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார். அவர் முதுகுக்குப் பின்னால் சூரியன், புகழ்ச்சி பிடிக்காதவரைப் போல, மரங்களுக்குக் கீழே நழுவிவிட்டது. கொடியை அசைத்தார். ஏழு கார்களும் நின்ற இடத்தில் நின்றன. பஹுத் டிசிப்ளின், ரொம்பக் கட்டுப்பாடு என்று பிள்ளைகளைப் பாராட்டினார். வெயில் இல்லாமல் கார் ஓடாது என்று சயின்ஸ் சார் போய் அவர் காதில் சொன்னபோதும் அவர் அசரவில்லை.

"லைட் லாவோ" என்றார், விளக்கைக் கொண்டுவரச் சொல்லி.

பந்தலில் கட்டியிருந்த ஹாலஜன் விளக்குகளை அவிழ்த்தார்கள். ஜெனரேட்டர் புகையைக் கக்கியது. டீசலில் வெளிச்சம் உண்டாக்கி, அந்த வெளிச்சத்தில் சோலார் கார். ஒவ்வொரு காருக்கும் பெரியவர்களில் ஒருவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு குனிந்தபடி கூடவே ஓட வேண்டும். ரேவதி என்னைக் கை காட்டினாள்.

தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடினேன். நாலு பேர் பார்க்க நான் ஓடியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அவள் கார் முன்னால் போனது, எனக்கே நம்ப முடியாதபடி. கோட்டுக்கு இரண்டு முழம் இருக்கும்போது என் விளக்கின் ஒயர் முடிந்து ப்ளக் பிடுங்கிக்கொண்டது. கார் நின்றுவிட்டது. பி.டி. சார் முன்யோசனையாக நீள ஒயரைப் பொறுக்கியிருந்தார். அவர் விளக்கின் கீழே ஓடிய கார் ஜெயித்தது. சூரிய சக்தியில் முதலிடம் என்று சான்றிதழ் கொடுத்தார்கள்.

ரேவதி காரை எடுத்து மண்ணைத் தட்டினாள். அழவில்லை.

"நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா. முன்னாடியே சொன்னீங்க, அவங்கதான் கேக்கல."

நான் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் சுருட்டினேன்.

அந்த மைதானம் இப்போது வண்டி நிறுத்துமிடம். போட்டியும் இரண்டு வருஷத்தில் நின்றுபோனது. ரேவதி நர்சிங் படித்துச் சென்னையிலேயே வேலையில் இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது ரயிலைப் பற்றிக் கேட்டேன்.

"தினம் ரெண்டு தடவை ஏறி இறங்குறேன் அக்கா. ஒரே நெரிசல், பார்த்தாலே எரிச்சலா வருது" என்றாள்.

இப்போது நான் யாரிடமும் வாய் திறந்து கேட்கப் பழகிவிட்டேன். வயது கொடுத்த தைரியம். ஆனால் யாருக்காகக் கேட்க வேண்டியிருந்ததோ, ரயிலை ஒருமுறை பார்த்தால் போதும் என்றிருந்த அந்தப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை, சென்னையிலும் இல்லை, இந்தத் தீவிலும் இல்லை.