கோமாரி வந்த வழி

"...ரோட்டுல நின்னு கேட்டுட்டுப் போனா நல்லாவா இருக்குமுங்க அம்மணி? கன்னுக்குட்டியக் கண்ணால பாத்தாத்தான மனசு ஆறும்!" என்று சொல்லிக்கொண்டே, வாசலில் நாங்கள் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டி உள்ளே வந்துவிட்டார் பக்கத்துத் தோட்டத்து அண்ணன்.

போன கார்த்திகையில், வெள்ளகோவில் பக்கம் எங்கள் தோட்டத்தில் நடந்தது இது. சுத்துப்பட்டெல்லாம் கோமாரி. மாடுகளுக்கு வாயெல்லாம் புண், குளம்பெல்லாம் வெடிப்பு. அண்ணன் வீட்டு மாடுகளும் படுத்துவிட்டன. எங்கள் மாட்டுக்கு அதுவரை ஒன்றுமில்லை. அப்போதுதான் கன்று போட்டிருந்தது. சினையாக இருந்ததால் தடுப்பூசியும் தள்ளிப் போயிருந்தது. அதன் பாலை நம்பித்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது.

கால்நடை டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். "நோய் என்ன, பஸ் ஏறியா வருதுங்க? நம்ம செருப்புல, கையில, வேட்டியில சவாரி பண்ணிட்டு வருது. ஒரு கட்டுத்தரையில நின்ன காலோட இன்னொரு கட்டுத்தரைக்குப் போகாதீங்க." அதற்குத்தான் அந்தக் கயிறு. பார்த்தவர்களெல்லாம், "ஏனுங்க, மாட்டுக்கும் ஊரடங்குங்களா?" என்று சிரித்துவிட்டுப் போனார்கள்.

அண்ணன் தன் மாட்டு வாயில் மருந்து தடவிய கையோடு வந்திருந்தார். அதே கையால் எங்கள் மாட்டின் வாயைப் பிரித்துப் பார்த்தார். கன்றின் முகத்தைத் தடவி, "ராசாத்தியாட்டம் இருக்குதுங்க" என்றார். கயிற்றைக் காட்டி நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் வீடு தேடி வந்த மனுஷரை வெளியே போங்க என்று சொல்ல எங்கள் பக்கம் யாருக்கு வாய் வரும்? காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்த வாரமே மாட்டுக்கு எச்சில் ஒழுக ஆரம்பித்தது. கன்று பால் குடித்துக்கொண்டிருந்தபடியே சாய்ந்தது, எழவில்லை. கயிறு கட்டிய பிறகு உள்ளே வந்த வெளியாள் அவர் ஒருத்தர்தான்.

துக்கம் கேட்க முதல் ஆளாக வந்ததும் அவரேதான். கன்று கிடந்த இடத்தில் கண் கலங்கி நின்றார். இந்த முறை சொல்லிவிட்டேன். "ஆளுங்க காலோடதானுங்ணா இந்த நோவு வருது. இனி எங்கயும் போகாதீங்க."

"வாஸ்தவந்தானுங்க அம்மணி" என்று தலையாட்டினார்.

ஆகாதவர் என்றால் படலைச் சாத்தியிருப்பேன். பாசமாக வருகிறவரை எப்படி நிறுத்துவதென்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

"மேக்கால தோட்டத்துலயும் மாடு கன்னு போட்டிருக்குதாமுங்க, பாவம், ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வாரேன்" என்றவர், எங்கள் கட்டுத்தரைச் சாணி ஒட்டிய செருப்போடு மேற்கே நடந்தார்.