வெறுங்கல்லில் நடந்த கால்

கோயில் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் நான் ஒருமுறை குனிந்து பார்ப்பேன். பார்க்கிறவர்கள் பயபக்தி என்று நினைத்துக்கொள்வார்கள். செருப்பு காலில்தான் இருக்கிறதா, வருகிற வழியிலேயே கழன்று நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் குனிதல். பல வருஷச் சர்க்கரையில் இரண்டு பாதங்களும் மரத்துப்போயிருந்தன. கோயமுத்தூர் கணபதிப் பகுதியில் இருந்த என் லேத் பட்டறையில் ஒருநாள் மதியம்வரை ஒற்றைச் செருப்போடு சுற்றியிருக்கிறேன். இன்னொன்று காலையிலேயே டீக்கடை வாசலில் நின்றுகொண்டது. பட்டறையே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவன் நான். அந்தக் கதையைக் கல்யாண வீட்டுப் பந்திகளில் சொல்லிச் சொல்லி, கடைசியில் என்னைப் பார்த்ததுமே ஆட்கள் என் காலைப் பார்க்கத் தொடங்கினார்கள்.

பட்டறையை வாடகைக்கு விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்த வருஷம், மனைவி தன் பழைய ஆசையை எடுத்தாள். கொங்கு ஏழு சிவத்தலங்களையும் பார்க்கவேண்டும். அவினாசி, திருமுருகன்பூண்டி, பவானி, திருச்செங்கோடு, கொடுமுடி, கரூர், வெஞ்சமாங்கூடலூர். பக்கத்து ஊர்களைப் பார்க்க ஒரு ஆயுசு தள்ளிப்போட்டவன் நான். காசி ராமேசுவரம் போனவர்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர். நான் அவினாசிக்கே போல்ட் நட்டு டெலிவரி கொடுக்கத்தான் போயிருக்கிறேன்.

கார் ஓட்ட வந்தது பாய். கோட்டைமேட்டில் இரும்புக் கடை வைத்திருந்தவர்; என் பட்டறைக்கு ராடு கொடுத்துப் பழக்கமானவர். கடையைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு, சும்மா இருக்க முடியாமல் வாடகைக்குக் கார் ஓட்டுகிறார். என் மனைவிக்கு அவர் அண்ணா. எனக்கு, என்னைக் கிண்டல் செய்ய இந்தக் கோயமுத்தூரில் முழு உரிமை உள்ள ஒரே ஆள்.

"செருப்பையெல்லாம் வண்டிலயே வுட்டுப்போட்டுப் போங்க. நான் காவல் இருக்கறேன். புண்ணியத்துல எனக்கும் ஒரு பங்கு குடுத்துருங்க மொதலாளி."

"பங்கு கேட்டா என்ற பாவத்துலயும் சேர்த்துத்தான் வரும், பாய். தாங்குவீங்களா?"

"அதுக்கு இந்த வண்டி பத்தாது. லாரி புடிக்கோணும்."

இப்படித்தான் போனோம். ஒரு நாளைக்கு ஒரு ஊர், இரண்டு ஊர். மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கோபுரத்துக்கும் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். செல்போன் டவருக்கும் ஒருமுறை போட்டுக்கொண்டாள். அதற்கும் நான் இரண்டு நாள் சிரித்தேன்.

அது நடந்த கோயில் எது என்று சொல்லமாட்டேன். தப்பு கோயிலுடையது இல்லை. பிராகாரம் முழுக்க நார்ப்பாய் விரித்து, தண்ணீரும் தெளித்துத்தான் வைத்திருந்தார்கள். சித்திரை மாதம், உச்சிப்பொழுது. வரிசை பாயின்மேல் ஊர்ந்துகொண்டிருந்தது. பாயைவிட்டுக் கால் தவறியவர்கள் "அய்யோ அப்பா" என்று துள்ளிக் குதித்துத் திரும்ப ஏறினார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. பாயைவிட்டு இறங்கி, வெறும் கல்லில், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அணையைப் பார்வையிட வந்த மந்திரி மாதிரி நடந்தேன்.

"ஏனுங்க, பாய்மேல வாங்க. கல்லு கொதிக்குது."

"எனக்கு ஏசி போட்டாப்புல இருக்குது. நீ அந்த ட்ராபிக்லயே வா."

வரிசையில் நின்ற ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியூர்க்காரர், கழுத்தில் ருத்திராட்சம். அவர் கும்பிட்டபடி கேட்டார். "சாமி, சுடலீங்களா?"

சும்மா தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம். என் வாய் விடவில்லை. "சுடறது கல்லுங்களா? மனசுதானுங்களே சுடும்" என்றேன். அவர் தன் மனைவியைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மா அடுத்தவருக்குக் காட்டினார். வரிசையில் பாதி என்னைப் பார்த்தது. என் பிழைப்பில் யாரும் என்னை அப்படி மதிப்பாகப் பார்த்ததில்லை. அந்த மதிப்பு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க இன்னொரு சுற்றும் வந்தேன். மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி.

திரும்பும்போது காருக்குள் பாய் கீழே பார்த்தார்.

"மொதலாளி, கால்ல தண்ணி கிண்ணி ஊத்திட்டீங்களா? காலடி மேட்டு நனைஞ்சிருக்குதே."

"இல்லையே."

வண்டியை ஒரு கரும்புச்சாறு கடை ஓரத்தில் நிறுத்தினார். மனைவி என் வலது காலைத் தூக்கிப் பார்த்தாள். பாதத்தின் முன்பக்கத் தோல் முழுக்கக் கொப்புளமாகி, உடைந்து, வெந்த சப்பாத்தியின் மேல்தோல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இடது கால் கொஞ்சம் தப்பித்திருந்தது. எனக்கு வலி இல்லை. வேறு யாருடைய காலையோ மூன்று பேரும் சேர்ந்து பார்ப்பது போல இருந்தது.

"சாமி கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காரு" என்றேன். இரண்டு பேரும் சிரிக்கவில்லை.

கரூரும் வெஞ்சமாங்கூடலூரும் பாக்கி. வண்டி நேரே கோயமுத்தூருக்குத் திரும்பியது.

கட்டுப் போட்டார்கள், மருந்து கொடுத்தார்கள். புண் ஆறவில்லை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கத்தரிக்காய் நிறத்துக்கு மாறின. டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"அங்கிள், ரெண்டு விரலை எடுத்துடணும். நாளைக்கே எடுத்துடலாம். மேல ஏறிடுச்சுன்னா விரலோட நிறுத்த என்னால முடியாது."

"அந்த ரெண்டும் ஓரத்துல சும்மா உக்காந்திருக்கறதுங்க. பெருசா வேலை ஒண்ணும் பார்த்ததில்லை" என்று நான் ஆரம்பித்தேன். பயம். விரல்தானே என்று சொல்லிக்கொண்டே, படுக்கையில் உட்கார்ந்து அந்த இரண்டு விரல்களையும் கையால் பிடித்துக்கொண்டிருந்தேன். பிடித்திருப்பது என் கைக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை.

மனைவி கதவோரம் நின்று சொன்னாள். "சாமிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுப்போடலாங்க."

எங்கள் பக்கத்தில் பெண் எடுப்பது, கிணறு தோண்டுவது, நிலம் வாங்குவது, எதுவானாலும் குலசாமியிடம் பூ கேட்பார்கள். வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்பு அரளியை ஒரு பொட்டலத்திலும் மடித்து, எது எதென்று தெரியாமல் கலந்து, சாமி காலடியில் வைத்து ஒன்றை எடுக்கவேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. எங்கள் குலசாமி காரமடைப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் இருக்கிறது. அன்றைக்கு மத்தியானமே போனோம். நான் காரிலிருந்து இறங்கவில்லை. கதவைத் திறந்துவைத்து அங்கிருந்தே பார்த்தேன்.

பூசாரி பொட்டலங்களை வைத்தார். என் மனைவி கண்ணை மூடி வெகுநேரம் நின்றாள். பிறகு குனிந்து ஒன்றை எடுத்துப் பிரித்தாள்.

அரளி.

"சாமி வேண்டாங்குது அம்மணி" என்றார் பூசாரி.

அந்த நிமிஷத்தில் என்னைவிடச் சந்தோஷப்பட்ட ஆள் தமிழ்நாட்டிலேயே இருந்திருக்க முடியாது. எனக்கு இருந்த பயத்துக்கு, பூவுக்குப் பதில் ஒரு காக்கா வந்து கரைந்திருந்தாலும் அதையே டாக்டரின் டாக்டராக ஒப்புக்கொண்டிருப்பேன். பாய் மட்டும் வண்டியைக் கிளப்பாமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

"பூ கேட்டாச்சு தங்கச்சி, சரி. டாக்டரம்மாவையும் இன்னொருக்கா கேட்டுப்போட்டுப் போலாமா?"

"சாமி சொன்னதுக்கு மேல என்னங்கண்ணா இருக்குது."

அவர் வண்டியை எடுத்தார்.

எண்ணெய் தடவினோம். இலை அரைத்துக் கட்டினோம். ஒரு வாரத்துக்கும் மேல் ஓடியது. புண்ணில் நாற்றம் வந்தது. ஊதுவத்தி கொளுத்தி வைத்தோம். ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது சோற்றுத் தட்டு கையில் தடதடவென்று ஆடியது. குளிர்காய்ச்சல். அதற்குப் பிறகு எனக்கு நினைவு இருப்பது ஆம்புலன்சின் கூரையும், பாயின் தாடியும்தான்.

கண் விழித்தபோது போர்வை ஒரு பக்கம் சப்பையாகக் கிடந்தது. முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது, உயிர் நின்றதே பெரிசு என்றார் டாக்டரம்மா. அன்றைக்கும் வாய் நின்றபாடில்லை. பாயிடம் சொன்னேன்.

"இனிமே கோயில்ல செருப்பு காணாமப் போனாலும் பாதி நஷ்டந்தான், பாய்."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மனைவி கால்மாட்டில் உட்கார்ந்து, இல்லாத கால் இருந்த இடத்தில் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அவள் எனக்கு எல்லாம் செய்தாள். குளிக்க வைத்தாள், ஊசி போட்டாள், உப்பும் இனிப்பும் இல்லாமல் சமைத்தாள். ஆனால் பூஜை அலமாரியின் கதவு திறக்கவே இல்லை. கல்யாணமான நாளிலிருந்து சாயந்திரம் விளக்கேற்றாமல் இருந்தவள் இல்லை அவள். இப்போது ஆறு மணிக்கு அடுப்படியில் டியூப் லைட்டைப் போடுவாள். அவ்வளவுதான். தெருமுனைப் பிள்ளையாருக்கு மணி அடித்தால் மிக்சியை ஓட்டுவாள்.

ஒருநாள் துணிந்து கேட்டேன். "விளக்கு என்ன தப்பு பண்ணுச்சு?"

"தப்பு பண்ணுனது யாருன்னு என்னைய பேசவைக்காதீங்க."

"பூவை எடுத்தது வேணா உன் கையா இருக்கலாம். சிவப்பு வந்துருச்சுன்னு குதிச்சு வந்தது நாந்தானே? வெள்ளை வந்திருந்தாலும் வேற கோயில்ல போய்க் கேக்கலாம்னு சொல்லியிருப்பேன். அவ்வளவு பயம் எனக்கு."

"நீங்க பயந்தவரு. நான் நம்புனவ." காய் நறுக்குவதை நிறுத்தாமலே சொன்னாள். "நான் கேட்டேன். அது பதில் சொல்லுச்சு. கேக்காம இருந்திருந்தா உங்களுக்குக் கால் இருந்திருக்கும். அண்ணன்கூடச் சொன்னாரு."

கால் போனதுகூட ஒரு கணக்கில் என்னுடைய கிறுக்குத்தனம். அதை நான் நாலு பந்தியில் சொல்லிச் சிரிக்க வைத்துவிடுவேன். இவளிடமிருந்து போனதை எந்தப் பந்தியில் சொல்வது?

செயற்கைக் கால் வந்து, நடக்கப் பழகியதும் பாயிடம் சொன்னேன். பாக்கி இரண்டு ஊர்களுக்கும் போகவேண்டும். ஏழும் முடிந்தால் அவள் ஒருவேளை அலமாரியைத் திறப்பாள் என்று ஒரு நப்பாசை. எனக்காக என்று சொல்லித்தான் அவளை வண்டியில் ஏற்றினேன். அது மாசி மாதக் கடைசி. கிளம்பத் தாமதமாகி, வெயில் ஏறிவிட்டது.

வழியில் பாய் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினார். "செயற்கைக் காலுக்குச் செருப்பைக் கழட்டணுமா, கூடாதா மொதலாளி?"

"அது என்ற கால் இல்லையே. கம்பெனிக்காரன் காலு. அவன் வந்து கழட்டிக்கட்டும்."

மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். கோபுரம் தெரிந்தபோது அவள் கை மடியிலேயே இருந்தது.

கரூரில் அவள் இறங்கவில்லை. பாயின் தோளைப் பிடித்து வாசல்வரை போய், அங்கிருந்து கைத்தடியோடு நார்ப்பாய்மேல் நடந்து, நான் மட்டும் பார்த்துவிட்டு வந்தேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. நின்றுவிட்டு வந்தேன்.

வெஞ்சமாங்கூடலூரில் கூட்டமே இல்லை. உள்ளே நாலைந்து பேர். சாதாரண நாள் என்பதால் நார்ப்பாயும் விரித்திருக்கவில்லை. கல் வெள்ளையாக மின்னியது. இடது கால் செருப்பைக் கழற்றினேன். அந்தக் காலுக்கும் உணர்ச்சி கிடையாது. மிச்சம் இருக்கிற கால் அது ஒன்றுதான். தடியை ஊன்றி வாசற்படியைத் தாண்டப் போனேன். பின்னால் கார்க் கதவு பலமாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

"நில்லுங்க."

செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். என்னைத் தாண்டி உள்ளே போய், மண்டியிட்டு உட்கார்ந்து, உள்ளங்கையைக் கல்லில் பதித்தாள். எண்ணுவது போலக் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"இங்க வேண்டாம். சுவரோரமா வாங்க, நெழலு இருக்குது."

இரண்டு எட்டு வைத்தேன். மறுபடி குனிந்தாள். மறுபடி உள்ளங்கை. "ம், வாங்க." நிழல் இல்லாத ஓரிடத்தில் தன் சேலைத் தலைப்பைக் கல்லில் போட்டு, அதன்மேல் என் காலை எடுத்து வைத்தாள். இப்படியே மண்டபம்வரை. ஒரு தரம்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் கண் தரையிலேயே இருந்தது.

தூணோரம் நின்ற ஒரு பெண் தன் வீட்டுக்காரரிடம் சொன்னது எங்களுக்குக் கேட்டது. "அங்க பாருங்க, அடிக்கு அடி தொட்டுக் கும்பிட்டுட்டே போறாங்க. என்ன பக்திங்க!"

அதே பார்வை. அன்றைக்கு என்னைப் பார்த்த அதே கண்கள் போல. பதில் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

சன்னதியில் குருக்கள் தீபத்தை நீட்டினார். அவள் என் பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கையை நீட்டவில்லை. திருநீற்றை நான் மட்டும் எடுத்துக்கொண்டேன். வந்த வழியே, குனிந்து குனிந்து, என்னை வெளியே கொண்டுவந்து சேர்த்தாள்.

பாய் அவளுடைய உள்ளங்கையைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து ஊற்றினார். கை செக்கச்செவேல் என்றிருந்தது.

"சுட்டுருச்சா தங்கச்சி?"

"நெம்பச் சுடுதுங்கண்ணா."

வண்டி கிளம்பியதும் நான் மெதுவாகச் சொன்னேன். "ஏழும் முடிஞ்சுது."

"உங்களுக்கு முடிஞ்சுதுங்க" என்றாள்.

பிறகு குனிந்து என் இடது காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, பாதத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினாள். விரலிடுக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். குதிகாலை அழுத்திப் பார்த்தாள். பார்த்து முடிந்த பிறகும் காலைக் கீழே விடவில்லை. அவள் பிடித்திருந்தது எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.