கொடை நாளில் அளந்த சத்தம்

சித்தப்பா வீட்டு மொட்டைமாடியில் ஒலிபெருக்கிக் கூம்பு ஒன்று வாய் கவிழ்ந்து கிடக்கிறது. நீலப் பெயின்ட் உதிர்ந்து விளிம்பில் தகரம் தெரிகிறது. ஆழ்வார்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணத்துக்கும் கோயில் கொடைத் திருவிழாவுக்கும் மைக் செட் போட்டவர் சித்தப்பா. சத்தம் குறைவு என்று எவரும் சொல்லிவிடக் கூடாது என்பது அவருடைய தொழில் மானம். “பக்கத்து ஊர்க்காரன் தூங்கிட்டாம்னா அது என்னலே கொடை?” என்று சொல்லிக்கொண்டே கூம்பை இன்னும் உயரத்தில் கட்டுவார்.

ஊரை ஒட்டிய பாறைக்குன்றில் கல்குவாரி அமைப்பதற்கான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டுக்கு இருவர் ஒலிமானியோடு வந்தது அம்மன் கொடை நாளில். குன்றுக்கு மிக அருகில் இருப்பது சித்தப்பா வீடு. கருவியை வைக்க மாடியும் மின்சாரமும் கொடுத்து, கோயில் சோறும் போட்டு அனுப்பினார். வந்தவர்களிடம் அவர்கள் வேலையைப் பற்றிக் கேட்பது மரியாதையல்ல என்று நினைப்பவர் அவர்.

சில மாதங்களில் வந்த அறிக்கையை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். ஊரில் ஏற்கெனவே இரைச்சல் மிகுதி. எனவே வெடியாலும் கல்லுடைக்கும் கிரஷராலும் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றது அறிக்கை. அளந்த தேதி அதில் இருந்தது. அது கொடை நாள் என்பது இல்லை. பொய் என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. என்னை இன்றும் கொதிக்க வைப்பது அதுதான். கருவியைப் பழுதின்றி இயக்கியே ஓர் ஊரின் அமைதியைத் திருடிவிட்டார்கள். சித்தப்பா அன்று சாப்பிடவில்லை.

கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கும் அவருடைய செட்தான். இரைச்சல் பற்றிய பத்தியை அதிகாரி வாசித்து முடித்ததும், சித்தப்பா ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டு எழுந்தார்.

“சார், எங்களுக்குக் கொடை வருசத்துல ஒருக்கதான். ஒங்க வெடிக்குத் தெனமும் கொடையோ?”

பந்தலில் சிரிப்பு எழுந்தது. “மைக்கைப் போடுங்க அண்ணாச்சி. இல்லைன்னா நீங்க சொல்றது பதிவாகாது” என்றார் அதிகாரி.

“பதிவாகாண்டாம். செத்த நேரம் சும்மா இருந்து கேளுங்க. இதுதான் சார் எங்க ஊரு சத்தம்.”

கேட்டோம். மடைவழியே வயலுக்கு நீர் இறங்கிக்கொண்டிருந்தது. குன்றில் மயில் ஒன்று அகவியது. எவரோ செருமத் தொடங்கி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டார். அதிகாரியும் கேட்டார், நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டவர்தான், இரைச்சல் குறித்து ஆட்சேபம் எதுவும் வரவில்லை என்ற கூட்டக் குறிப்பில் கையெழுத்திட்டார்.

குவாரி வந்துவிட்டது. செட்டைச் சித்தப்பா விற்றுவிட்டார். இந்தக் கூம்பை மட்டும் கேட்க ஆளில்லை. குன்றில் வெடி வைக்கும்போதெல்லாம், எந்தக் கம்பியும் இணைக்கப்படாத கூம்பு தரையில் கிடந்தபடியே அதிர்ந்து ஒலிக்கிறது. அதனடியில் ஒரு சாக்கை மடித்து வைத்திருக்கிறார் சித்தப்பா. அப்படியும் ஒலிக்கிறது.