சத்தியவேட்டில் கேட்ட ‘எங்க ஊரு’

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்குச் சென்னையில் பஸ் ஏறினேன். சத்தியவேடு நாற்பது மைலுக்கு மேல். டிக்கெட் ஒன்றரை ரூபாய். எல்லைத் தீர்ப்பில் அந்த ஊர் ஆந்திரத்தோடு போய் ஆறு மாதமாகியும் நான் எட்டிப் பார்க்கவில்லை. நான் பிறந்த ஊர். தங்கை கனகம் அங்கே நாங்கள் பிறந்த வீட்டிலேயே தனியாக இருந்து, ஆரம்பப் பள்ளியில் பாடம் நடத்துகிறாள். சென்னைப் பள்ளி ஒன்றில் அவளுக்கு வேலை பேசி வைத்திருந்தேன். கையோடு கூட்டிவரலாம் என்றுதான் கிளம்பினேன்.

ஊத்துக்கோட்டை தாண்டியதும் பெயர்ப்பலகைகளில் எழுத்து உருண்டையாகிவிட்டது.

பத்தே முக்காலுக்கு வீட்டுக்குப் போனபோது உள்ளேயிருந்து தெலுங்கு கேட்டது. பக்கத்து வீட்டு சுப்பம்மாவிடம் கனகம் பாடம் கேட்டுக்கொண்டிருந்தாள். சுப்பம்மா காளஸ்திப் பக்கம். இங்கே வந்து இரண்டு வருஷம். ‘மரம்’ என்றே சொல்லிப் பழகிய கனகம், அதற்குத் தெலுங்கான ‘செட்டு’வின் கடைசி உகரத்தை உதடு குவித்து முழுசாகச் சொல்லத் திணறினாள். என்னைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

“வாண்ணா. எதுனா துன்னியா?”

சாப்பிட்டதும் பேச்சை எடுத்தேன். “மெட்ராஸ்ல வேல சொல்லி வச்சிருக்கேன். கெளம்பு கனகம்.”

“இல்லண்ணா. பள்ளிக்கூடத்துல இனிமே தெலுங்கும் சொல்லிக்குடுக்கணுமாம். கத்துக்கினு கீறேன். எங்க ஊர வுட்டுட்டு எப்பிடி வர்றது?”

சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் குமாஸ்தா, நாளெல்லாம் இங்கிலீஷ் கடிதம் எழுதுகிறவன். நாம், நாங்கள் இரண்டுக்கும் அதில் ‘வி’ என்று ஒரே சொல்தான். எதிரில் இருப்பவன் அதற்கு உள்ளேயா, வெளியேயா என்று சொல்லாமலே காலம் தள்ளலாம். தமிழில் அப்படி ஒளிய முடியாது. ‘நம்ப ஊர்’ என்றால் நானும் உண்டு. ‘எங்க ஊர்’ என்றால் இல்லை.

“எனக்கும் இதானே ஊரு?” என்றேன்.

கனகம் தட்டை எடுத்தபடி, “நீ போயி பன்னெண்டு வருசமாச்சிண்ணா” என்றாள். குரலில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மாலை நாலரை பஸ்ஸுக்கு இருவரும் வந்தார்கள். சுப்பம்மா ஜன்னலருகே நின்று, “மன ஊரிகி மள்ளீ ரண்டி, அன்னா” என்றாள். மறுபடி வரச் சொல்கிறாள். தெலுங்கிலும் நம்மைப் போலவே இரண்டு உண்டு. ‘மா ஊரு’ என்றிருந்தால் நான் வெளியாள். ‘மன ஊரு’ என்றதில் நானும் சேர்த்தி. வந்து இரண்டே வருஷமான அவள், யோசிக்காமல் என்னைச் சேர்த்துக்கொண்டாள்.

கனகத்தைப் பார்த்தேன். அந்தச் சொல்லை அவள் தமிழில் சொல்லிவிட மாட்டாளா என்றிருந்தது.

“பாத்துப் போண்ணா” என்றாள்.

பஸ் நகர்ந்தது. கனகத்தின் வீட்டு ஓடுகள் மறைகிறவரை நான் ஜன்னலிலிருந்து முகத்தை எடுக்கவில்லை.