மூன்று மணிக்கு மட்டும்

வேங்கிக்கால் கலெக்டர் அலுவலக வாசலில் மனு எழுதித் தருபவர் அவர். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூன்று பேனா. பட்டா விஷயமாக நான்கைந்து முறை போயிருக்கிறேன். சரியாக மூன்று மணிக்கு எழுதுவதை நிறுத்தி, இடது கைக் கடிகாரத்தைக் கழற்றி வலது கையில் கட்டிக்கொள்வார். ஒரு நிமிடம் கழித்துப் பழையபடி மாற்றிவிடுவார்.

“எதுக்குங்க இது?” என்றேன்.

“இங்க ஊர்ல ஆசிரமத்துப் பக்கம் ஆந்த்ரோபோசபின்னு ஒரு வகுப்புக்குப் போறேங்க. தத்துவம், ஓவியம், மனசுக்குப் பயிற்சி எல்லாம் உண்டு. அதுல ஒரு பயிற்சி இது: யாருக்கும் உதவாத ஒரு வேலைய தினமும் அதே நேரத்துல செய்யணும். ஒருநாள் விட்டாலும் முதல்ல இருந்து எண்ணுவேன். காலையில இருந்து அடுத்தவங்க சொல்றதத்தான எழுதுறேன்? இது ஒண்ணுதான் நானா செய்யறது.”

மறக்கிறாரா பார்ப்போமே என்று, அடுத்த முறை மூன்று மணி நெருங்கும்போது வேண்டுமென்றே பேச்சுக் கொடுத்தேன். அவர் மணி பார்த்தபோது மூன்றேகால்.

“நாப்பத்தோரு நாள் போச்சே” என்றார். கோபமே இல்லை. “சரி, நாளைக்கு ஒண்ணு. உங்க மனுவுல எங்க விட்டோம்?”

உண்மையை நான் சொல்லவில்லை. இப்போதெல்லாம் எந்த ஊரில் இருந்தாலும், மூன்று மணியானால் என் பார்வை கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. அவருக்கு இன்று எத்தனையாவது நாளோ?